நீல வெளிச்சமும் ஜெனிற்றாவின் கடைவாய்ப் பற்களும்

எங்கள் முகத்தைக் கண்டதுமே வாயை இறுக மூடிக்கொள்கிறவர்களிடம் ஒரு 'ஆ' வாங்குவதுதான் எங்கள் பிழைப்பு.

கொழும்புத்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பல் பார்க்கிறேன். என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'பல்லு மிஸ்' என்றால் போதும். பல்வைத்தியரின் கதிரையில் கைப்பிடியை நசுக்கிக்கொண்டு கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கதிரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கும் அதே நடுக்கம்தான் என்றால் நம்பவா போகிறீர்கள்?

சோற்றுப் பூச்சாண்டி

ஒரு நாள் ஸ்கூட்டியில் போகையில், வீட்டு வாசல் படலையடியில் ஒரு தாய் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "இந்தா, பல்லு மிஸ் வாறா, வாயைத் திற!" என்றாள். பிள்ளை பயத்தில் ஒரு கவளத்தை அப்படியே விழுங்கியது.

பிள்ளை யாரென்று பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இரண்டாம் வகுப்பு ஜெனிற்றா. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிறாள். பல் சொத்தையானால் கிருமி இரத்தத்தில் ஏறி இதயத்துக்குப் போகலாம்; வாய் சுத்தமில்லாவிட்டால் ஒப்பரேசனையே தள்ளிப்போடுவார்கள். அவளுக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களோ பள்ளம் பள்ளமாக இருந்தன. ஊசி வேண்டாம், குடைய வேண்டாம், அந்தப் பள்ளங்களைப் பூசி அடைத்துவிட்டால் போதும். அதற்கு அவள் என் முன்னால் வாய் திறக்க வேண்டுமே! இறங்கிப்போய், என்னைச் சொல்லி வெருட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். தாய் சொன்னாள்:

"என்ன செய்யிறது மிஸ், உங்கடை பேரைச் சொன்னாத்தான் உவள் ரெண்டு வாய் தின்னுறவள்."

மஞ்சள்

முதலில் வகுப்பு முழுவதற்கும் புளோரைட் பூசினேன்; மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ஜெனிற்றாவும் வாய் திறந்தாள். பல்லை உறுதியாக்கும் மருந்து. அன்றைக்குப் பல் மஞ்சளாகத் தெரியும், மறுநாள் துலக்கினால் போய்விடும். வீட்டில் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒருவரும் சொல்லவில்லை, ஈ என்று இளித்துக் காட்டியதோடு சரி. பொழுது சாய்வதற்குள் தாய்மாரின் வாட்சப்பில் மஞ்சள் பற்கள் ஊர்வலம் போயின.

காலையில் வாசலில் ஜெனிற்றாவின் தகப்பன், மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த ஈரச் சாரத்தோடு. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: "என்ரை தமையன் வன்னியிலை கிட்னி பழுதாகிக் கிடக்கிறார். அங்கத்தைக் கிணத்துத் தண்ணியிலை உந்தப் புளோரைட் கூடவாம். அதையோ மிஸ் பிள்ளைக்குப் பூசினீங்கள்?" வருடக்கணக்காகக் குடிப்பது வேறு, பல்லில் ஒரு சொட்டுத் தடவுவது வேறு என்று விளக்கினேன். இதய வைத்தியரிடமும் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்தார்.

"டொக்டர் எல்லாம் செய்யச் சொல்லுறார் மிஸ். ஆனா நான் கடலிலை நிக்கேக்கை செய்யாதேங்கோ, கரையிலை நிக்கிற நாளாப் பாத்துச் செய்யுங்கோ."

நீலம்

அந்த நாளும் வந்தது. தகப்பன் வெளியே வேலியடியில், தாய் கதிரையருகில். எச்சில் பட்டால் பூச்சு ஒட்டாது. பஞ்சு வைத்து, நாக்கை ஒதுக்கி, ஒரு பக்கம் பூசி, அது இறுகுவதற்கு நீல வெளிச்சம் பிடித்தேன்.

"ஐயோ, சொண்டு நீலிச்சுப் போச்சு!" என்று அலறி, தாய் பிள்ளையை அள்ளித் தூக்கிவிட்டாள். உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொல்லியிருந்தார்களாம். விளக்கைப் பிடித்திருந்தவளே நான்தான். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன். விளக்கை அணைத்தேன். சொண்டு பழையபடி சிவப்பு. நல்லகாலம், பூச்சும் இறுகியிருந்தது. தாய் நிலத்தில் குந்திவிட்டாள், நானும்தான். ஜெனிற்றா பஞ்சும் வாயுமாக எங்களைப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் அழுறீங்கள்? மிஸ், மற்றப் பக்கத்துக்கும் நீலம் அடியுங்கோ, எனக்கு வாய் நோகுது."

ஒரு போன்

ஆஸ்பத்திரியில் பல்வைத்தியர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று ஒப்பரேசனுக்கு விட்டுவிட்டார். ஒப்பரேசன் நாள் காலை தாய் போன் எடுத்தாள்.

"உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள் மிஸ். பழைய பழக்கத்திலை 'பல்லு மிஸ்ஸைக் கூப்பிடுவன்' எண்டு வெருட்டிப்போட்டன். 'ஓம், கூப்பிடுங்கோ, அவ வந்தாப் போறன்' எண்டுறாள்."

பூச்சாண்டிப் பதவி போனது போனதுதான், ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஸ்கூட்டியில் பயத்தோடு வாயை இறுக மூடிக்கொண்டிருந்தவள் நான்.