பேரி மரத்துப் புல்லுருவி

தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில், கீழ் கோத்தகிரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர்களுக்கு முருகன்தான் துணை. பச்சை இலை விற்ற பணம் பறித்த கூலிக்குக்கூடக் காணவில்லை என்று பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கவாத்து செய்யாத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. தோட்டத்தில் வரும்படி இல்லையென்றால் யார் வந்து பருப்பு வாங்குவார்கள்? என் வீட்டுக்காரர் காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போடுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஈ ஓட்டுவார்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு. அதன் நடுவே ஒரு பேரி மரம். அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்த மரத்தால்தான். ஆனி, ஆடியில் காய்த்துத் தள்ளும். கல் மாதிரி நாட்டுப் பேரி. கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி பஸ் நிற்கும் இடத்தில் வைத்தால், மலை பார்க்க வருகிறவர்கள் வாங்கித் தின்பார்கள். மிச்சத்தை மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் ஏற்றிவிடுவோம். அதனால் அந்த மரத்துக்கு ஒன்று என்றால் எங்கள் அடுப்புக்கும் ஒன்று.

மார்கழியில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் குச்சியாக நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். மேல் கொப்பில் ஒரு கூடை அளவுக்குப் பச்சைக் கொத்து. இலை தடித்திருந்தது, பேரி இலை மாதிரியே இல்லை. நடுவில் சிவப்பாகக் குழல் குழலாகப் பூ. புல்லுருவி.

வெட்டிவிடலாம் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தனியாக வரவில்லை. கடையில் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தேயிலை ஃபேக்டரியில் இலையைத் தூளாக்கும் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அண்ணாந்து பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏனுங்க மொதலாளி, இது லேசுப்பட்டதா? பேரியில புல்லுருவி! சுத்துப்பட்டுல எங்கயுமே இல்லீங்க. பனியில அத்தனையும் கருகிக் கெடக்குது, மரமே மொட்டையா நிக்குது. இது மட்டும் பச்சுனு இருக்குது பாருங்க. லட்சுமி வந்து உக்காந்திருக்குதுங்க."

"அப்ப என்ன பண்ணோணுங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கையும் அதற்குள் கூம்பிவிட்டது.

"ஞாயித்துக்கெழமையில பூசம் கூடி வருமுங்க. அன்னைக்குக் காப்புக் கட்டி, ஒரு வார்த்தை பேசாம, இரும்பு படாம, கையில ஒடிச்சுக் கல்லாவுல வெச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் கத்தி கித்தி படவே கூடாது."

பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பங்குனியில்தான் வந்தது.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். கிருத்திகை விரதம் இன்றுவரை விட்டதில்லை. விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் மரத்தின் மேல் உட்கார்ந்து அதன் தண்ணீரையே உறிஞ்சுகிறதை லட்சுமி என்றால் எனக்கு எரிச்சல் வருமா வராதா? பச்சையாக இருக்கிறதாம். யாருடைய தண்ணீரில் பச்சை?

மறுநாள் என் வீட்டுக்காரர் கடைக்குப் போனதும் ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தேன். புல்லுருவி பிடித்த இடத்தில் கொப்பு முழங்கை முட்டி மாதிரி புடைத்திருந்தது. அங்கிருந்து பட்டையின் மேலேயே வேர் ஓடி, ஒரு சாண் தள்ளி மறுபடி மரத்துக்குள் இறங்கியிருந்தது. முட்டிக்கு அடிமரத்துப் பக்கம் நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தது. நுனிப் பக்கம் சருகு. ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. பக்கத்துப் பெரிய கொப்பு இரண்டிலும் கீழிருந்து தெரியாத சின்னக் கொத்துகள் வேர் பிடித்திருந்தன.

தை பிறந்ததும் அது பழுத்தது. கட்டைவிரல் அளவு குருவி ஒன்று வந்து பழத்தைத் தின்னும். அதன் கொட்டை கோந்து மாதிரி பிசுபிசுப்பு. வெளியே போகும்போதும் ஒட்டிக்கொண்டே வருவதால், குருவி பக்கத்துக் கிளையில் பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டின இடத்திலெல்லாம் அடுத்த புல்லுருவி. இப்படியே இருந்தால் மரம் என்ன ஆவது?

"ஏனுங்க, இப்பவே அறுத்துப்போடலாமுங்க. ஒண்ணு நாலாயிருச்சு."

"நாலாயிருச்சா!" என்று சந்தோஷப்பட்டார் அந்த மனிதர். "பாரு புள்ள, பெருகுது!"

சாயங்காலம் மரத்தடியில் அகல் ஏற்றவும் ஆரம்பித்தார். என் பூஜை அறையில் எண்ணெய் குறைந்துகொண்டே போனது.

மாசி கடைசியில் பேரி பூத்தது. கிழக்குப் பக்கம் தாழ்ந்திருந்த ஒரே ஒரு கொப்பில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மற்றதெல்லாம் மொட்டைக் குச்சி. நான் மரத்தடியில் நின்று அழுதேன். "இன்னும் ரெண்டே வாரம் பொறுத்துக்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. விடியக் குளித்து, ஈர வேட்டியோடு மஞ்சள் நூல் காப்பை மணிக்கட்டில் ஒன்றும் மரத்தில் ஒன்றும் கட்டி, சூடம் காட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு ஏறினார். கீழே டீமேக்கர் பெரியவர் காவல். நான் கத்தினேன்.

"ஏனுங்க, அது சருகுக் கொப்புங்க! அதுல காலை வைக்காதீங்க!"

பேசக் கூடாதே! கையை மட்டும் ஆட்டினார்.

"அம்மணி, நீங்களும் பேசாம இருங்க, பலிக்காம போயிரும்" என்றார் பெரியவர்.

"அவர் உளுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?"

என் வீட்டுக்காரர் கொத்தை எட்டிப் பிடித்தார். படார். கொப்பும் அவரும் புல்லுருவியும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிதான் மெத்தை மாதிரி தாங்கியது. முருகன் காப்பாற்றினான். ஓடிப்போய்ப் பார்த்தால் முழங்கையில் ரத்தம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், கண்ணில் நீர் முட்டுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. கையில் புல்லுருவிக் குச்சி. அப்படியே நொண்டி நொண்டிக் கடைக்குப் போய் அதைக் கல்லாவில் வைத்து மூடிய பிறகுதான் "ஐயோ அம்மா!" என்றார்.

அடுத்த நாளே சில்வர் ஓக் மரம் வெட்டுகிறவரை நான் கூட்டிவந்தேன். இனி யாரையும் கேட்பதாக இல்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொத்தை மட்டும் ஒடிச்சா உள்ள இருக்கற வேரு மறுபடி வருமுங்க. ஒரு முழம் கீழ வெச்சுக் கொப்போட எடுத்தாத்தான் மரம் நிக்கும்" என்றார். எடுக்கச் சொன்னேன். மரத்தைத் தொட்டு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெரிய கொப்பு மூன்றும் இறங்கின. பூத்திருந்த அந்த ஒரு கொப்பு மட்டும் கை நீட்டிய மாதிரி நின்றது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்தபடி வந்து பக்கத்தில் நின்றார். பூத்த கொப்பை நோக்கிக் கை நீட்டினார், இழுத்துக்கொண்டார்.

"என்னங்க?"

"இல்ல புள்ள... அந்தப் பூத்த கொப்பு சும்மாதான இருக்குதுன்னு... பழத்தை நசுக்கி அதுலயும் கொஞ்சம் ஒட்டி வெச்சேன். பத்து நாளாச்சு."

குருவியாவது வயிற்றுக்குத் தின்றுவிட்டு ஒட்டியது! ஏறிப் பார்த்தால், ஆமாம். பட்டையின் மேல் வரிசையாகக் கொட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் பச்சையாக ஒரு மூக்கு வளைந்து மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் உள்ளே இறங்கவில்லை.

"வாங்க மேல. நீங்க ஒட்டுனதை நீங்களே சொரண்டுங்க."

"இடுப்பு..."

"வாங்கன்னு சொன்னேன்!"

ஏறினார். கத்தியை நீட்டினால் வாங்கவில்லை. "இரும்பு படக்கூடாதாமா. ஒரு தேங்காத்தொட்டி ஓடு குடு" என்றார். இறங்கிப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் சுரண்டச் சுரண்ட, நான் கீழே நின்று, "அதா, அக்கட்ட ஒண்ணு. வெரலுக்குப் பக்கத்துல ஒண்ணு" என்று காட்டினேன். பூ உதிராமல் சுரண்டுவதற்குள் மதியச் சோறு ஆறிவிட்டது.

கல்லாவில் வைத்தது மூன்றாம் நாளே சுருங்கிக் கறுத்துப்போனது. குடிக்க மரம் வேண்டுமே.

ஆடியில் அந்த ஒரு கொப்பில் காய் வந்தது. மண்டிக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை, பஸ் நிற்கும் இடத்தில் வைக்க மட்டும் போதும். முதல் காயைப் பறித்து என் கையில் கொடுத்த என் வீட்டுக்காரர், "பாத்தியா புள்ள, கல்லாவுல வெச்சதுக்கு ஒரு கொப்பாவது மிஞ்சுச்சு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தக் காயை முருகன் முன்னால் வைத்துக் கையெடுத்தபோது, என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்துவிட்டது.