மங்கம்மா விட்ட எட்டாம் பாகம்

மங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 'ஏழு பாய்மரம்' என்கிற சரித்திரக் காதல் தொடரில் யார் யாரை எந்தத் தீவில் கட்டிப் பிடித்தார்கள் என்று கேட்டால் பாகம் வாரியாகச் சொல்வாள். ஏழாம் பாகம் வரைக்கும்தான். எட்டாவதின் நடுவில் எழுந்து போனவள் மூன்று வருஷம் அந்தக் கதைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

காசிமேட்டில் நாங்கள் இறால் உரிக்கிற ஷெட்டில் நாள் முழுக்கக் கை தண்ணீரிலும் ஐஸிலும் ஊறிக் கிடக்கும். அந்தக் கையால் போனைத் தொட முடியாது. ஆசைப்பட்டுத் தொட்டவர்களின் போன் ஐஸ் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டிருக்கிறது. அதனால் எங்களுக்கு ஜெரினாதான் பொழுதுபோக்கு. கல்மண்டபத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவின் சம்சாரம், எங்களோடு உரிக்க வருகிறவள். கடைக்கு எடைக்கு வருகிற புத்தகத்தில் தேறுவதாக ஒன்றை எடுத்துவந்து உட்கார்ந்து வாசிப்பாள். வாசிக்கிறவள் உரிக்க வேண்டாம். உரித்த இறாலில் ஆளுக்கு ஒரு கை அவள் டப்பில் போட்டுவிடுவோம், அவள் கூலி அதில் வந்துவிடும். கதை ருசியாக இருந்தால் இரண்டு கை. அறுவையாக இருந்தால் பொடி இறாலாகப் பார்த்துப் போடுவோம். வேறெந்த எழுத்தாளருக்கும் இவ்வளவு யோக்கியமான விமர்சனம் கிடைத்திருக்காது.

'ஏழு பாய்மரம்' பதினான்கு வருஷமாக வந்துகொண்டிருக்கும் தொடர். எழுதுகிறவருக்கு முடிக்க மனசில்லை, விற்கிறவருக்கு நிறுத்த மனசில்லை. கதை பெரிதாக ஒன்றுமில்லை. திரைமாறன் என்று ஒரு கப்பற்படைத் தளபதி, அல்லிநாச்சி என்று ஓர் இளவரசி. கல்யாணம் ஆகப்போகும் நேரம் பார்த்துப் புயல் அடிக்கும். ஆறாம் பாகத்தில்தான் ஒருவழியாகத் தாலி கட்டினான், கட்டின கையோடு கப்பலேறிவிட்டான். இடையிடையே எழுத்தாளர் அல்லிநாச்சியின் இடுப்பை வர்ணிக்க ஆரம்பித்தால் அத்தியாயம் முழுக்க வேறெங்கும் நகர மாட்டார்.

"இன்னாமே, இடுப்பு இன்னும் முடியலியா? நான் ஒரு கூட எறா உரிச்சுட்டேன்" என்பாள் மங்கம்மா.

கிண்டல்தான் என்றாலும் ஷெட்டிலேயே அதிகம் லயித்துக் கேட்டவள் அவள்தான். நெட்டுக்குப்பத்துக்காரி. அவள் புருஷன் மனோகரன் விசைப்படகு டிரைவர், முறுக்கு மீசை, கடலுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. திரைமாறன் கப்பலேறுகிற இடத்தில் எல்லாம் மங்கம்மா உரிப்பதை நிறுத்திவிடுவாள். "எங்க வூட்டு ஆளும் இப்டித்தான். போவசொல்ல நம்ம மூஞ்சியப் பாக்காது" என்று பெருமையாகச் சொல்வாள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரியவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பக்கப் படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் மங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போவார்கள். அந்த வருஷம் மனோகரனும் போனான். தடை முடிந்தது, மற்றவர்கள் திரும்பினார்கள், அவன் வரவில்லை. அங்கே ஐஸ் கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்ற சேதி மட்டும் வந்தது. பாழாய்ப்போன எழுத்தாளர் சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் எட்டாம் பாகத்தில் திரைமாறனின் கப்பலைக் கவிழ்த்தார். தலையில் அடிபட்டு ஒரு தீவில் ஒதுங்குகிறான், பழைய நினைவு எல்லாம் போய்விடுகிறது, தீவுத் தலைவனின் மகள் பழச்சாறு புகட்டுகிறாள். "நான் யார்? இந்தப் பேரழகி யார்?" என்று ஜெரினா ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

மங்கம்மா கையில் இருந்த இறாலைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அவனுக்குத் தலைல அடிபட்டுது. இவனுக்கு எங்கமே அடிபட்டுது?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போனாள். ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடுகிற இடம். அங்கே பக்கத்தில் குண்டு போட்டால்கூடக் கேட்காது. மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்து உரித்தாள். நாங்கள் பன்னிரண்டாம் பாகம் வரை கேட்டு முடித்தோம். பதின்மூன்று இன்னும் எடைக்கு வரவில்லை.

போன மாசம் மனோகரன் போன் செய்தான். ஐஸ் கடைக்காரி துரத்திவிட்டாளாம். இடுப்பு வலியாம், படகு ஓட்ட முடியவில்லையாம். வீட்டுக்கு வருகிறேன் என்றான். திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த மகள் மோகனப்ரியா அவனுக்கு வக்கீலானாள். "எங்க மாமியா வூட்ல அப்பா எங்கன்னு கேட்டுகினே கீறாங்கம்மா. ஒயுங்கா அவர சேத்துக்கோ" என்று தினம் ஒரு போன். மங்கம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் காலை ஸ்டூலோடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"எட்டுலேந்து படி" என்றாள்.

கேட்ட கதையை மறுபடி கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஷெட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய பாகம் வேண்டும் என்பவள் ஜெரினாவின் டப்பைத் தனியாளாக நிரப்ப வேண்டும். மங்கம்மா உடனே நிரப்ப ஆரம்பித்தாள். போரையும் இடுப்பையும் தாண்டிப் படிக்கச் சொன்னாள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் பாகம் கால்வாசிகூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இப்ப இன்னாத்துக்குக்கா இந்தக் கதை?" என்று நான் கேட்டேன்.

"ஃப்ளோரா, அல்லிநாச்சி ராசா வூட்டுப் பொண்ணு. நாலும் தெரிஞ்சவ. புருசன் திரும்பி வந்தா அவ இன்னா பண்றாளோ அதத்தான் நானும் பண்ணப்போறேன். எனுக்கு ரோசன பண்ணிப் பண்ணி மண்ட காஞ்சுபோச்சு."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பை நிறுத்தினேன். பன்னிரண்டாம் பாகத்தில் என்ன நடக்கிறது என்று அவளைத் தவிர ஷெட்டுக்கே தெரியும். திரைமாறனுக்கு நினைவு திரும்பி ஊருக்கு வருகிறான், அல்லிநாச்சி ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். எங்களோடு உரிக்கும் ரூபினா அந்த அத்தியாயத்துக்கு அழுது, ஒரே நாளில் மூன்று கை இறால் போட்டவள். ஆக, கடலில் ஒரு மீன்கூடப் பிடித்தறியாத ஓர் எழுத்தாளர் நெட்டுக்குப்பத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் போகிறார். எனக்கு மனோகரனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். குடித்துவிட்டு அவன் அடித்து, கன்னம் வீங்கி மங்கம்மா வேலைக்கு வந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை. பெருமையெல்லாம் பேசுவாளே ஒழிய அதைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

வேண்டாம், இது விளையாட்டில்லை என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் வண்டி ஏறுவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் பன்னிரண்டாம் பாகத்தின் அந்த இடம் வந்தது. ஜெரினா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அல்லிநாச்சி கண்கள் சிவக்க அரியணையிலிருந்து எழுந்தாள். உடைவாளை உருவினாள். 'ஓடிப் போ நாயே' என்று கர்ஜித்தாள்" என்று வாசித்தாள்.

"அக்கா, அது அப்டி இல்லியே" என்றாள் ரூபினா. "கால்ல வுயுந்தாளே. பாலும் வாயப்பயமும் குட்த்தாளே."

மனசாரப் பொய் சொல்ல நினைத்த ஜெரினா, மற்றவர்கள் எல்லாரும் இதை ஏற்கனவே கேட்டவர்கள் என்பதை மறந்துபோனாள். நான் ரூபினாவை முழங்கையால் இடித்தது பிரயோஜனமில்லை. மங்கம்மா ஜெரினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எய்துனத படி."

ஜெரினா புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்தாள். அல்லிநாச்சி காலில் விழுந்தாள். "சுவாமி, தாங்கள் என்னை மறந்தாலும் என் மாங்கல்யம் தங்களை மறக்கவில்லை" என்று அவன் பாதத்தைக் கண்ணீரால் கழுவினாள். கழுவி முடிக்க ஒரு பக்கம் ஆனது. மங்கம்மா கடைசி வரை கேட்டாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ வூடு எம்மாம் பெருசு?" என்றாள்.

ஜெரினா திருதிருவென்று விழித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பித் தேடினாள். "கெயக்கால ஒரு அரண்மன, மேக்கால ஒண்ணு. நடுவுல தோட்டம்னு போட்டுக்கீது."

"அதான பாத்தேன்" என்றாள் மங்கம்மா. "கால்ல வுயுந்துட்டு எந்திரிச்சி, அவன கெயக்கால படுக்க வெச்சிட்டு இவ மேக்கால போய்த் தூங்குவா. ராசா வூட்டுப் பொண்ணு, அவுளுக்கு இன்னா. எனுக்குக் கீறது ஒரே ரூம்பு. இந்த மூணு வருசமாத்தான் அதுல பயமில்லாம கால நீட்டிகினு தூங்கறேன்."

ஐஸ் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. பன்னிரண்டு பாகம் கேட்டும் வராத அழுகை.

மங்கம்மா தன் போனைக் காட்டி, மனோகரனுக்குப் போடச் சொன்னாள். ஜெரினா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"இன்னாமே, வண்டி ஏறட்டுமா?"

"ஏறு. நேரா திருவொத்தியூர்ல எறங்கு. மோகனா வூட்டுக்குப் போ. உன்ன சேத்துக்கணும்னு அவதான் சொல்லிகினு கீறா. இங்க வராத."

அவன் எகிறவில்லை. குரலை இறக்கிக் குழைந்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"இத்தினி வருசம் ஒண்ணா வாய்ந்தமே மங்கா. உனுக்கு என் நெனப்பே இல்லியா?"

மங்கம்மா தொட்டியிலிருந்து அடுத்த இறாலை எடுத்து அதன் தலையைக் கிள்ளினாள்.

"கீது. எல்லாமே நெனப்பு கீது. அதாலதான் வேணான்றேன்."

அவனே போனை வைத்துவிட்டான்.