முன்னால வைக்கிற புள்ளி

தல்லாகுளத்துல மனு டைப் அடிச்சுக் குடுக்குற கடை என்னோடது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையிலதான் அடிப்பேன். அதுல எழுத்து மேல வர்ற புள்ளிய முதல்ல தட்டணும், எழுத்து பின்னால வரும். யோசிச்சு அடிக்கிற சங்கதி இல்ல, வெரலு தானாப் போகும்.

கடைக் கம்ப்யூட்டர் சண்டி மாடு மாதிரி படுத்துக்கிருச்சு. ரொம்பப் பழசு, புது விண்டோஸ் இதுல ஏறாதுன்னுட்டாங்க. கம்ப்யூட்டர் கம்பெனியில வேல பாக்குற என் தம்பி ஒரு ஞாயித்துக்கெழம வந்து லினக்ஸைப் போட்டான். "சும்மா கெடைக்குது, பழைய மிசினுலயும் ஓடும், ஒனக்கு இதுதான்க்கா சரி"ன்னான். இம்புட்டு வேகமா எந்திரிக்குதேன்னு எனக்கும் சந்தோசம். தமிழுக்கு டைப்ரைட்டர்னு பேரு போட்டிருந்த ஒரு கீபோர்டு முறையத் தேடி வச்சுட்டு, கறிக்கொழம்பு தின்னுட்டு பஸ் ஏறிட்டான். அடிச்சுப் பாக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல.

மறுநா திங்கக்கெழம, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்துச்சு. புருசன் செத்த கையோட, அவரு பங்கு நெலத்தையும் கொழுந்தன் தன் பேருக்குப் பட்டா மாத்திக்கிட்டானாம். சொல்லச் சொல்ல அழுதுச்சு. நானும் கண்ணத் தொடச்சுக்கிட்டே அடிச்சேன். நிமிந்து பாத்தா, 'பட்டா'வுக்குப் பதிலா 'ப்டடா'ன்னு கெடக்கு. எழுத்தெல்லாம் பழைய எடத்துலதான் இருக்கு, ஆனா நான் முன்னால வச்ச புள்ளி அதுக்கு முந்துன எழுத்து தலையில போயி ஒக்காந்துக்கிருச்சு.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். திருத்தித் திருத்தி அடிக்கிறேன், வெரலு கேப்பனாங்குது. இன்னைக்கு விட்டா அந்தக்கா அடுத்த வாரந்தான் வரணும், அதுக்குள்ள கொழுந்தன் நெலத்த வித்துப்புடுவான்.

"பக்கத்துக் கடையில புது கம்ப்யூட்டர் இருக்குக்கா, அங்கிட்டுப் போயிருங்க, சட்டுன்னு முடிச்சுருவாங்க"ன்னேன். இனிமே நம்ம கை எதுக்கும் ஆகாதுன்னு நெனச்சேன். அந்தக்கா அசையல.

தம்பிக்குப் போனப் போட்டு வஞ்சேன். பாவம், அவனும் வேலைக்கு நடுவுல. "நீ எப்பிடி அடிப்பேன்னு கேக்காமப் போட்டுட்டேன்க்கா, கோவிச்சுக்காத, லைன்லயே இரு"ன்னு எங்க எங்க அமுக்கணும்னு பொறுமையாச் சொன்னான். டைப்ரைட்டர்ங்குற பேருலயே இன்னும் ரெண்டு மூணு இருந்துச்சு. ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தோம். கடைசியா ஒண்ணுல, முன்னால வச்ச புள்ளி அடுத்த எழுத்துக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. 'பட்டா'ன்னு விழுந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

முழுசா அடிச்சுக் குடுத்த மனுவ மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு எந்திரிச்ச அந்தக்காகிட்ட, "அங்கிட்டுப் போகச் சொன்னேன்ல, ஏங்க்கா போகல? நேரம் தப்பியிருந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன்.

"அங்க போனா மறுபடியும் மொதல்லருந்து சொல்லணும் தாயி. ஒங்கிட்ட ஒருக்கா அழுதுட்டேன். இன்னொரு ஆளுகிட்ட அழுக என்னால முடியாது"ன்னுட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு வேகமாப் போயிருச்சு.