மயிலுக்கு ஒரு கண்

மகள் பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை வாசனை என்னை இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனது.

வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடிபோகும் நண்டின் கதையை டீச்சர் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டே சிப்பியில் மயில் செய்தோம். கடற்கரையில் பொறுக்கிய குட்டிச் சங்கை நான் கண்ணாக வைத்தேன். விழுந்துவிடக் கூடாதென்று அதன் வாய் நிறையப் பசை அப்பினேன். வீட்டில் அப்பாவிடம் மயிலைக் காட்டி, கதையையும் சொன்னேன்.

நான்காம் நாள் வீடே நாறியது. அப்பா சங்கைப் பெயர்த்தார். உள்ளே செத்த நண்டு.

"கதையெல்லாம் நல்லாத்தான் சொன்ன, ஏளா. அது வாசலை நீயே அடைச்சிட்டியே" என்றார்.

மகள் அடுத்து ஒரு சங்கை எடுத்தாள். அதை வாங்கி உப்புத்தண்ணீரில் போட்டேன்.

"உள்ள ஆள் இருக்கான்னு பாப்போம்."

வெகுநேரம் எதுவும் அசையவில்லை. "சரி, ஒட்டு" என்றேன்.

"தூங்குதோ என்னமோ. இன்னும் கொஞ்சம் இரும்மா" என்றாள்.