பெயிண்ட் இன்னும் காயவில்லை

இதை நான் ஜோடித்து எழுதவில்லை. பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மூன்றாம் மாடியில், பட்டப்பகல் 12.07-க்கு நடந்தது. படித்துவிட்டு என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். திருடன் என்று சொன்னால் மறுக்கவும் மாட்டேன். பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டிய பொய்யை எல்லாம் இதற்கு முன்பே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

என் பெயர் ஜகன்னாத். நாற்பத்தாறு வயதில், ரிமோட்டில் ஓடும் மாடல் டேங்க் செய்கிறவன். சிரிக்காதீர்கள். திருச்சியில் எங்களைப் போல் பதினோரு பேர் இருக்கிறோம். வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு.

எங்களில் ஸ்தனிஸ்லாஸ்தான் கெட்டிக்காரர். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நாங்கள் எல்லோரும் கடையில் பெட்டி வாங்கி, உள்ளே இருப்பதை ஒட்டிவிட்டு மார் தட்டிக்கொள்வோம். அவர் இரும்பைக் கடைந்து சக்கரம் செய்வார். நம் ராணுவத்தின் பழைய விஜயந்தா டேங்க்கை, எந்தக் கடையிலும் கிடைக்காத வண்டியை, ஏழு மாதம் உட்கார்ந்து ஒரு முழ நீளத்துக்குச் செய்து முடித்தார். சக்கரத்தைச் சுற்றி ஓடும் செயினின் ஒவ்வொரு கண்ணியும் அவர் கையால் அறுத்தது.

பெயிண்ட் அடிக்க வேண்டிய நேரத்தில் அவருக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கை நடுங்க ஆரம்பித்தது.

"பெயிண்ட் மட்டும் அடிச்சுக் கொடுங்க சார். உங்க கை சுத்தம்."

வண்டியைக் கொடுத்தார். ரிமோட்டைக் கொடுக்கவில்லை. அது எங்களுக்குள் இருக்கும் வழக்கம். வண்டி யார் கைக்கு வேண்டுமானாலும் போகும், ரிமோட் செய்தவரிடமே இருக்கும். பீரங்கிக் கூண்டின் பின்பக்கத்தில் வெள்ளை பெயிண்டால் சின்னதாகத் தன் பெயரை எழுதியிருந்தார். கோணல்மாணலான எழுத்து.

நான் அதன் மேலேயும் பச்சை அடித்தேன்.

மறுநாள் கண்டோன்மெண்டில் கண்காட்சி. ஒரு வண்டி ஒரு நேரத்தில் ஒரு ரிமோட்டுக்குத்தான் கட்டுப்படும். அவர் ரிமோட்டிலிருந்து பிரித்து என் ரிமோட்டோடு இணைத்தேன். என் பெயரில் வைத்தேன். முதல் பரிசு. கப்பைத் தூக்கிப் பிடித்துப் பல்லை இளித்துக்கொண்டு நின்ற போட்டோவை யாரோ குரூப்பில் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மாலினி கேட்டாள். "ஏன்னா, இது அந்த ஸ்தனிஸ்லாஸ் பண்ணினதுதானே?"

"பெயிண்ட் நான்தானே அடிச்சேன்" என்றேன்.

அவள் கப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு மூன்று தடவை அவரிடமிருந்து போன் வந்தது. மூன்று தடவையும் ஒரே கேள்விதான்.

"சார், பெயிண்ட் காஞ்சுதா?"

"இன்னும் காயல ஸ்தனிஸ்லாஸ். கொஞ்சம் பொறுங்க."

நாங்கள் அடிப்பது அக்ரிலிக் பெயிண்ட். இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் "சரிங்க சார்" என்று வைத்துவிடுவார். அடுத்த மாதம் சென்னையில் ஒரு கண்காட்சி இருந்தது. அங்கேயும் கப்பு வாங்க வேண்டும் என்று எனக்கு நப்பாசை. கடைசி போன் ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கே வெட்கத்தில் குரூப்பை மியூட் செய்தேன்.

அந்த வியாழக்கிழமை லீவு போட்டிருந்தேன். மாலினி ஸ்கூலில் டீச்சர், காலையிலேயே போய்விட்டாள். சென்னைக்கு முன்னால் செயினில் கொஞ்சம் சேறு படிந்தது போல் வண்ணம் பூசலாம் என்று 11.50-க்கு மேஜையில் உட்கார்ந்தேன். வெளியே கொளுத்துகிற வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை.

முதலில் வாசனை. புது பெயிண்ட் வாசனை. நான் இன்னும் ஒரு பாட்டிலைக்கூடத் திறக்கவில்லை. வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது.

பிறகு பீரங்கிக் குழல். முந்தின நாள் அதைச் சுவரைப் பார்க்க வைத்திருந்தேன். இப்போது ஜன்னலைப் பார்த்தது. அந்தப் பக்கம்தான் காவிரி, பாலம், திருச்சி... மாலினி துடைக்கும்போது திருப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செயினைச் சோதிக்க வண்டியின் ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. ரிமோட்டைத் தேடும்போது மினுக்கும். ரிமோட் கிடைத்துவிட்டால் நின்று எரியும்.

மினுக்கியது.

மணி 12.07. என் ரிமோட்டை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது விளக்கு நின்று எரிந்தது.

என் ரிமோட் அலமாரியில் இருந்தது. ஆஃப்.

ட்ர்ர்ர்...

வண்டி நகர்ந்தது. மெதுவாக. ஒரு சாண். நின்றது. மறுபடி ஒரு சாண். ஓட்டுகிறவருக்குக் கை நடுங்குவது போல, விட்டு விட்டு வந்தது.

மேஜை விளிம்பு வரை வந்து நின்றது.

பாய்ந்து மூடியைத் திறந்தேன். பேட்டரியைப் பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது.

மூச்சு விட்டேன்...

ட்ர்ர்ர்.

பேட்டரி என் கையில்.

கூண்டு திரும்பியது.

குழல் என்னைக் குறி பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் நின்றது.

பின்பக்கத்தைக் காட்டியது.

பெயர் இருந்த இடம்.

அதற்கு மேல் அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. வண்டியை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கொடுத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழ வேண்டும். பாலம் தாண்டி மேலப்புதூர் போகிற வரைக்கும் இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

1.15-க்கு அவர் தெருவில் திரும்பினேன். வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் போட்டோவுக்கு மாலை, முன்னால் ஒரு மெழுகுவர்த்தி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இறந்திருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் அடக்கம். குரூப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் மியூட் செய்திருந்தேனே.

அவர் மனைவி பிலோமினா என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க கப்பு வாங்குன போட்டோவை அன்னைக்கே பாத்துட்டாருங்க சார். ஒண்ணும் சொல்லல. உங்களுக்குப் போன் பண்றேன்னாரு. பண்ணாரு. 'காயலையாம்'னு சொல்லிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு எப்படியோ கேட்டேன். "அவரோட ரிமோட்..."

"அவர் கையிலயே வெச்சுட்டோங்க. உசுரா வெச்சிருந்தாரே. ஆனா ஒண்ணு சார்... பெட்டிய மூடுறப்ப அதுல லைட் எரிஞ்சுது. அமுத்திப் பாத்தேன், அணையல. ஃபாதர் காத்துட்டிருந்தாரு. அப்படியே மூடிட்டோம்."

அந்த ரிமோட் ஐம்பது மீட்டர்தான் எட்டும். கல்லறைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது. இணைப்பையும் நானே பிரித்திருந்தேன். இதற்கு எனக்கு இன்று வரை விளக்கம் தெரியாது.

அட்டைப் பெட்டியைத் திறந்து வண்டியை எடுத்து வைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பிலோமினா குழந்தையைத் தொடுவது போல் கூண்டின் பின்பக்கத்தைத் தடவினார். சட்டென்று கையை எடுத்தார். விரலைப் பார்த்தார்.

விரல் முழுக்கப் பச்சை.

நான் பெயிண்ட் அடித்து அன்றைக்கு முப்பத்து மூன்று நாள்.

அவர் தடவிய இடத்தில் வெள்ளையாக ஒரு எழுத்து தெரிய ஆரம்பித்தது. நான் அவசரமாக அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். ஈரம் பிசுபிசுத்தது.

பிலோமினாவின் கண் கலங்கியது.

"மன்னிச்சிடுங்க சார். இத்தனை நாளா நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். நெசமாவே காயலைங்களா?"

கையை எடுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.