சிவப்புப் பேனையால் போட்ட சரி

எனக்குப் பொய் பிடிக்காது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறதே என்று ஒரு பிள்ளைக்கும் அரைப் புள்ளி கூடப் போட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கு, என் வீட்டுக்குள்ளேயே, என் சிவப்புப் பேனையாலேயே பொய்ச் சரி போடப்பட்டது. போட்டவர் என் கணவர்.

அப்போது யுத்தகாலம். பழுகாமத்தில் இருந்தோம். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இராணுவம், இந்தப் பக்கம் நாங்கள். ஆண்கள் பாலத்தைக் கடந்தால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் மருந்துக்கும் சாமானுக்கும் களுவாஞ்சிகுடிக்குப் போய்வருவது என் வேலை. பாலத்தடிச் சென்றியில், அதுதான் காவலரணில், நிற்கிற சிப்பாய் அடையாள அட்டையைத் தன் கையில் வைத்துக்கொண்டு இலக்கத்தைக் கேட்பான். பார்க்காமல் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடமே மறதி தட்டத் தொடங்கியது. அடுப்பில் வைத்த பால் மறந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மறந்தது. பயந்துபோனேன். என் அக்கா இப்படித்தான் தொடங்கி, கடைசியில் பெற்ற மகளையே "நீ ஆருட பிள்ள?" என்று கேட்டவள். ஆஸ்பத்திரி டொக்டர், "மூளைக்கு வேலை குடுங்க ரீச்சர், ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்ங்க" என்றார். பயிற்சி கொடுக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்!

விடிந்ததும் கணவர் பத்துச் சாமான்களின் பெயரை வாசிப்பார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவற்றை நான் ஒப்புவிப்பேன். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வருவேன். கடைசியில் அடையாள அட்டை இலக்கம். நான் சொல்வதை அப்படியே கொப்பியில் எழுதி, சரியோ பிழையோ போடுவது அவர் பொறுப்பு.

"பிழையெண்டா பிழையெண்டு சொல்லோணும். அக்காட வருத்தம் எனக்கும் வருதெண்டா, முதல்ல தெரிய வேண்டியது எனக்குத்தான்" என்றேன்.

"ஓம் கா, சொல்லாம என்ன" என்றார்.

மூன்று மாதமாக எல்லாம் சரி. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

பிறகு ஒருநாள் பாலத்தடியில் சிப்பாய்க்கு இலக்கத்தைச் சொன்னேன். "வெரதி" என்றான் சிங்களத்தில். பிழையாம். கணக்கு ரீச்சருக்கா இலக்கம் பிழைக்கும்? சண்டைக்குப் போனேன். திருப்பிச் சொல்லச் சொன்னான். அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். அட்டை வேறு யாருடையதோ என்று சந்தேகப்பட்டு வெயிலில் இருத்திவிட்டார்கள். பின்னேரம்தான் அவன் வந்து அட்டையை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினான். கடைசி இரண்டு எண்களையும் நான்தான் இடம்மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொப்பியை எடுத்தேன். பார்த்துப் பாடமாக்கிவிடுவேன் என்று, அதை நான் தொடக்கூடாதென்று நானே சட்டம் வைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே சில நாட்களில் இலக்கம் மாறியிருந்தது. பத்துச் சாமானில் ஆறுதான் சொல்லியிருந்தேன். அறுபத்தைந்துக்குப் பிறகு ஐம்பத்தேழு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வடிவான சிவப்புச் சரி. மனுசன் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, போட்ட சரி முழுவதும் பொய்.

"உன்ட முகம் வாடுறதப் பாக்க ஏலாமப் போச்சு கா" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. ஊரில் எவனாவது ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு மறந்திருப்பேன். இவரை நம்பித்தானே கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தேன்? பிறகு கொப்பியைக் கொண்டுபோய்க் காட்ட, டொக்டர் இரத்தத்தைச் சோதித்து, ஏதோ சத்துக் குறைவு என்று குளிசை தந்தார். மறதி மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தக் குளிசையை மூன்று மாதம் முந்தியே குடித்திருக்கலாம். அந்த மூன்று மாதத்தையும் என்னிடமிருந்து எடுத்தவர் அவர்தான்.

கொப்பியை நான் பார்த்த அன்று அவர் அழுதார். இனி உள்ளதை உள்ளபடி சொல்வதாகப் பிள்ளையார்மேல் சத்தியம் செய்தார். எனக்கும் நம்பத்தான் ஆசை. அடுத்த நாள் காலை கொப்பியோடு வந்து உட்கார்ந்தார். நூறில் ஏழு போனால் தொண்ணூற்றிரண்டு என்று வேண்டுமென்றே சொன்னேன். எழுதினார். என் முகத்தைப் பார்த்தார். பேனை கொஞ்சம் தயங்கியது.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் ஒப்புவிக்கவில்லை. பாலத்தைக் கடக்கும் நாட்களில், சிப்பாய் கேட்கும் முன்பே இலக்கத்தைச் சொல்லிவிட்டு, சரியா பிழையா என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.