காலால் பிறந்தவள்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் இரண்டு பாதங்களும் வெளியே வந்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிட்டேனாம். அதனாலேயே எனக்கு ஒரு பதவி கிடைத்தது. காலால் பிறந்தவர்கள் பாதத்தால் வழித்துவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே சொந்தக்காரர்களின் இடுப்பிலும் முதுகிலும் ஏறி வைத்தியம் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி, கிடர்பூரில் சுங்கத்துறைக் குடியிருப்புக்கு வந்ததும் தொழில் படுத்துவிட்டது. வங்காளிகள் சுளுக்கு வந்தால் மருந்துக்கடைக்குப் போனார்கள். எட்டு வயதிலேயே வேலையிழந்தவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் அலுவலகத்தார் குடும்பங்களோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு பிக்னிக் போனார்கள். லுச்சிப் பூரியும் ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் தின்று முடித்த பிறகு எல்லாரும் ரோலர் கோஸ்டர் பக்கம் நகர்ந்தார்கள். அப்பா திருவிழா ராட்டினத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர். "மத்ராஸி தாதாவுக்குப் பயம்" என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்து ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். எனக்கு உயரம் போதவில்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள்.

வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறியது. கண்ணாடி இல்லாத அப்பா, கூட்டத்தில் நானும் அம்மாவும் எங்கே நிற்கிறோம் என்று கழுத்தைத் திருப்பித் தேடினார். அப்போதுதான் வண்டி கீழே பாய்ந்தது.

இப்போது நான் கல்கத்தாவிலேயே, பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ரோலர் கோஸ்டர் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விழும்போது உடம்புக்கு எடையே இல்லாததுபோல் இருக்கும், வயிறு தொண்டைக்கு வரும் என்பேன். பள்ளத்தின் அடியில் வண்டி வளைந்து மேலே திரும்பும் நொடியில் எல்லாம் மாறிவிடும். உடம்பு மூன்று நான்கு மடங்கு கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கும், சிலருக்குக் கண் இருட்டும். நாலைந்து கிலோ தலை, கழுத்தின்மேல் ஒரு சின்ன அரிசி மூட்டையாக உட்காரும். நேராக இருக்கிற கழுத்து பெரும்பாலும் தாங்கிவிடும். கரும்பலகையில் நான் கழுத்தை எப்போதும் நேராகத்தான் வரைவேன்.

அப்பா இறங்கி வந்தபோது நண்பர்கள் தோளில் தட்டினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் இடப்பக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவருடைய இடது இமை பாதி இறங்கியிருந்தது. "தூக்கம் பத்தல" என்று அம்மா நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டாள். நான் வேறு மாதிரி நினைத்தேன். அப்பா கண்டிப்பானவர், என்னோடு விளையாடியதாக நினைவே இல்லை. அப்படிப்பட்டவர் எனக்குக் கண்ணடிக்கிறார் என்று எண்ணி நெஞ்சு நிறைந்துபோனேன். நானும் பதிலுக்குக் கண்ணடித்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலமும் வலி விடவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்க வா. அப்பாவுக்குக் கழுத்துல சுளுக்கு விழுந்திருக்கு. ஒன் கால வச்சு வழிச்சு விடு."

"பிள்ளைய ஏன் தொந்தரவு பண்ணுத? காலையில டாக்டர்ட்ட போயிருதேன்" என்றார் அப்பா.

"வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு டாக்டர் எதுக்கு?"

அப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்தார். என் பாதத்தில் அம்மா நல்லெண்ணெய் தடவிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதுக்குக் கீழிருந்து தோள்வரை முறைப்படி மூன்று தடவை இழுத்தேன். வெகுநாள் கழித்துக் கிடைத்த வேலை. குதிகாலை நன்றாகவே அழுத்தினேன்.

"நல்லாருக்கு பாப்பா" என்றார்.

அப்பாமேல் கால் வைத்ததற்காக அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தேன். அவர் எனக்குக் கண்ணடித்தார்.

அடுத்த நாள் காலையில் டீ டம்ளர் அவருடைய வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அம்மாவைக் கூப்பிடப் பார்த்தார், சொல் வரவில்லை. நாங்கள் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வங்காளம் உதவவில்லை. அது காய்கறி வாங்க மட்டுமே போதும். டாக்டர் கேட்டதை நான் தமிழில் சொல்ல, அம்மா சொன்னதை நான் வங்காளத்தில் சொன்னேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எங்காவது விழுந்தாரா? ரோலர் கோஸ்டரைச் சொன்னேன். டாக்டர் அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "காடே கேவு மாலிஷ் கொரேசிலோ?" என்று கேட்டார்.

கழுத்தை யாராவது பிடித்துவிட்டார்களா? கடைசியில் எனக்கான கேள்வி வந்துவிட்டது. உற்சாகமாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லு."

"நான்தானம்மா வழிச்சு..."

"இல்லன்னு சொல்லுட்டி." என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள்.

"நா" என்றேன் டாக்டரிடம். வங்காளத்தில் இல்லை என்பதற்கு அந்த ஓரெழுத்துப் போதும்.

அப்பா பிழைத்தார். வலக்கையும் பேச்சும் திரும்பவில்லை, இமை பாதி இறங்கியே நின்றுவிட்டது. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் அந்தப் பாய்ச்சலில் கிழிந்திருக்கிறது. அதை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியதால்தான் இமை இறங்கியது. கிழிந்த இடத்தில் உறைந்த ரத்தம் பிறகு மேலே போயிருக்கிறது. இதெல்லாம் வளர்ந்த பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது. அது தானாகவே போயிருக்குமா, என் குதிகால் தள்ளிவிட்டதா என்று எந்த டாக்டரிடமும் இதுவரை நான் கேட்டதில்லை. எனக்குப் பயம்.

மறு கோடையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். பெரியம்மாவுக்கு இடுப்பில் சுளுக்கு. "காலால பொறந்தவள வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நான் ஓடினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இவ இல்லக்கா. இவ தலையாலதான் பொறந்தா. ஒனக்கு மறந்து போச்சு."

நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையிருந்தவளே பெரியம்மாதான். அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் புரண்டு அழுதேன். டாக்டரிடம் என் வைத்தியத்தை மறைத்தாள், இப்போது என் பிறப்பையே மாற்றுகிறாள். என்னிடம் இருந்த ஒரே பெருமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் எதை என் தலையில் விழாமல் தன்மேல் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஹௌரா வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. அவளும் சமாதானம் சொல்லவில்லை. எதிர் இருக்கையில் அப்பாவுக்குத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பாதிக் கண்ணோடு என்னையே பார்த்தார். அவர் மட்டுமாவது என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்து, நானும் கண்ணடித்தேன்.